கபச்சுரப்பிக் காசநோய்: பெயர் வரலாறும் பிணியறி வரலாறும்

1. தோற்றுவாய்

சொல் வரலாறு ஆராய்வார்க்கு மருத்துவக் கலைச்சொற்கள் வளமிக்கதொரு களமாகும். ஒரு பொருளுக்குப் பெயரிட்டோர் அதனைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து, பொய்யெனத் தள்ளப்பட்ட பின்னரும் பெயரின்கண் நிலைத்து நிற்பதுண்டு. ‘கபச்சுரப்பிக் காசநோய்’ என்னும் தொடர் இதற்கோர் எடுத்துக்காட்டு. சொற்பொருளளவில் நோக்கின், சளி சுரக்கும் உறுப்பில் தோன்றும் இருமல் நோய் என்று இது பொருள்படும். உண்மையிலோ அவ்வுறுப்புச் சளி சுரப்பதன்று; அந்நோய் அவ்விடத்துத் தோன்றுங்கால் இருமல் உண்டாதல் வேண்டும் என்பதும் இல்லை. இவ்விரு பெயர்களும் பிறந்த வகையையும், பெயராலும் புறத்தோற்றத்தாலும் மறைந்து நின்ற பிணியை மருத்துவர் அறிந்த வகையையும் ஈண்டுக் காண்பாம்.

2. சுரப்பியின் பெயர்

மூளையின் அடிப்புறத்தே, எலும்புக் குழியொன்றில், பட்டாணி அளவினதாய் அமைந்தது இச்சுரப்பி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், மூளையிற் பிறக்கும் கழிவுநீர் இதன் வழியே இறங்கி மூக்கையும் அண்ணத்தையும் அடைகின்றது என்று கருதினார். அக்கருத்தைத் தழுவியே, 1543இல் வெளிவந்த தம் உடற்கூற்று நூலில், வெசேலியசு இதனை மூளையின் சளியை ஏற்கும் சுரப்பி என்று குறித்தார். சளியைக் குறிக்கும் ‘பிட்யூட்டா’ என்னும் இலத்தீன் சொல்லே ‘பிட்யூட்டரி’ என்பதற்கு அடியாகும். 17ஆம் நூற்றாண்டில் செருமானியராகிய சினைடரும் ஆங்கிலேயராகிய இலோவரும் மூக்குச்சளி மூளையினின்று வருவதன்று என நிறுவினர். எனினும் பெயர் மாறவில்லை. இலத்தீன் சொல்லின் பொருளையே கலைச்சொல்லாக்கியோர் தமிழிற் பெயர்த்தமையின், கேலனின் பிழை ‘கபச்சுரப்பி’ என்னும் வடிவில் நம் மொழியிலும் இடம்பெற்றது.

ஈண்டு ஆராய்ச்சி மாணவர் ஒன்றனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். வளி, அழல், ஐயம் என நம் மருத்துவ நூலோர் வகுத்த மூன்றனுள் ஐயமே கபம் எனவும் வழங்கும். இவ்வொற்றுமை கொண்டு, சித்தர் இச்சுரப்பியை அறிந்து கபத்தோடு இயைத்துப் பெயரிட்டனர் எனத் துணிதல் பொருந்தாது. இது மொழிபெயர்ப்பால் வந்த பெயரேயன்றி மரபால் வந்த பெயரன்று.

3. நோயின் பெயர்

காசம் என்னும் வடசொல் இருமலைக் குறிப்பது. க்ஷயம் என்பதும் அதன் தமிழ் வடிவாகிய கயம் என்பதும் தேய்வைக் குறிப்பன. மக்கள் வழக்கிலுள்ள எலும்புருக்கி என்னும் பெயரும் உடல் மெலிதலையே சுட்டும். கிரேக்கர் வழங்கிய ‘தைசிசு’ என்னும் பெயருக்கும் தேய்தலே பொருள். ஆகவே, பல மொழியினரும் கண்ணுக்கும் செவிக்கும் புலனான குறிகளைக் கொண்டே இந்நோய்க்குப் பெயரிட்டனர் என்பது தெளிவு.

1882 மார்ச்சு 24ஆம் நாள் பெர்லினில் இராபர்ட்டு காக் இந்நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்த செய்தியை அறிவித்தார். அன்றுதொட்டு நோயை வரையறுப்பது குறியன்று, காரணமே என்னும் நிலை ஏற்பட்டது. இருமலே இல்லாத எலும்பு நோயும் மூளையுறை நோயும் காசநோயின் வகைகளாயின.

4. மறைந்து நின்ற பிணி

கபச்சுரப்பி அழிதலால் உண்டாகும் நோயை 1914இல் செருமானிய மருத்துவர் சிம்மண்ட்சு விளக்கினார். அவர் கண்ட நோயாளி மிக மெலிந்திருந்தமையின், மெலிவே இந்நோயின் முதற்குறி எனப் பலரும் கொண்டனர். மனநோயால் உணவை மறுத்து மெலிந்தோரும் இந்நோயினராகக் கருதப்பட்டனர். 1937 முதல் சீகன் என்பார் செய்த ஆய்வுகள், இச்சுரப்பி கெட்டோருள் பெரும்பாலோர் மெலிவதில்லை என்று காட்டின. தேய்வு என்னும் குறி காசநோய்க்குப் பெயராயிற்று. அக்குறியே இச்சுரப்பி நோயிலும் மருத்துவரை வழிதவறச் செய்தது.

சுரப்பியையே காசநோய் பற்றும்போது குழப்பம் மிகும். தலைவலி, பார்வை மங்கல், மாதவிடாய் நின்றுபோதல், சோர்வு ஆகியவை தோன்றும். இச்சுரப்பியில் எழும் சாதாரணக் கட்டிக்கும் இவையே குறிகள். நுரையீரலிலோ பலருக்கு நோயின் அடையாளமே இராது. 1940இல் அமெரிக்க மருத்துவர்களாகிய கோல்மன், மெரிடித்து இருவரும் வெளியிட்ட கட்டுரை, கட்டியைப் போலத் தோன்றிய கபச்சுரப்பிக் காசநோயையும் அறுவைக்குப் பின் நோயாளி உய்ந்ததையும் கூறுகின்றது. காசநோய்க்குரிய முதல் மருந்தாகிய இசுட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இலேயே என்பது நினைக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டில் புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தார் இத்தகைய 18 நோயாளரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். அரிய நோயே எனினும் நம் நாட்டு மருத்துவர் மறத்தற்குரியதன்று.

5. பிணியறியும் முறை

காந்த அதிர்வுப் படத்தில் சுரப்பியின் காம்பு தடித்துக் காணப்படுதல் ஒரு குறிப்பு. அடங்காத் தாகமும் மிகுந்த சிறுநீரும் தொடக்கத்திலேயே தோன்றுதல் மற்றொன்று. சாதாரணக் கட்டியில் இது அரிது. ஆயினும் வேறு சில அழற்சி நோய்களும் இக்குறிகளைத் தருமாதலின், திசுவை நுண்ணோக்கியாற் காண்டலே உறுதி பயப்பது. நடுவில் பாலாடைக்கட்டி போன்ற சிதைவும், சுற்றிலும் இலாங்கன்சு பேரணுக்களும் அமைந்த சிறுமணிகள் அங்கே புலப்படும். நுண்ணுயிர் பெரும்பாலும் கண்ணிற்படாது. அதனை வளர்த்துக் காணப் பல வாரங்கள் ஆகும். அண்மைக் காலத்து மரபணுச் சோதனை இதற்குத் துணைபுரிகின்றது.

இவ்வேறுபாடு நோயாளிக்குப் பெரிதும் இன்றியமையாதது. கட்டியெனக் கொண்டால் அறுவையே வழியாகலாம். காசநோயெனத் தெளிந்தால் திசுவைச் சிறிதளவு எடுத்துப் பார்த்தபின் பல திங்கள் மருந்துண்டு நோயை நீக்கலாம். பார்வை நரம்பு நெருக்குண்டாலன்றிப் பேரறுவை வேண்டுவதில்லை. காலந்தாழ்த்து அறியின், நோய் தீர்ந்தும் சுரப்பி மீளாமல், வாழ்நாள் முழுதும் சுரப்புநீர் மருந்து கொள்ள நேரும்.

6. முடிவுரை

நிலைத்த வழக்கை அழித்தல் எளிதன்று. ஆதலின் ‘கபச்சுரப்பி’ என்னும் பெயரை விலக்குக என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அகராதி தொகுப்போர் அச்சொல்லின் பிறப்பையும், அது காரணப்பெயராய்த் தோன்றினும் அக்காரணம் மெய்யன்று என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். இடத்தைச் சுட்டும் ‘மூளையடிச் சுரப்பி’ என்னும் பெயர் பாடநூல்களுக்கு இதனினும் தக்கது. பெயரைக் கொண்டே பொருளைத் துணியாமை சொல்லாராய்ச்சியாளர்க்கும் மருத்துவர்க்கும் ஒப்ப வேண்டப்படும் நெறியாகும்.