வள்ளுவர் சிலையும் ஒரு வாத்தியாரும்

கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடின்னு எல்லாருக்கும் தெரியும். பீடம் மட்டும் ஏன் 38 அடின்னு யோசிச்சிருக்கீங்களா மக்களே? அறத்துப்பாலில் 38 அதிகாரம். அதன் மேல நிக்கிற உருவம் 95 அடி: பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25. அறத்தின் மேலதான் மற்ற ரெண்டும் நிக்கணும்!

இந்தக் கணக்கைக் கல்லில் போட்டவர் கணபதி ஸ்தபதி (1927-2011). சென்னை வள்ளுவர் கோட்டமும் (1976) அவர் கைவண்ணம்தான்.

ஆனா எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியறது அவர் பார்த்த வாத்தியார் வேலை. அப்பாகிட்ட இருந்து மகனுக்குன்னு குடும்பத்துக்குள்ளயே ஓடிக்கிட்டிருந்த வித்தை இது. 1957-ல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிப் பள்ளி வந்தப்போ பொறுப்பேற்றவர் அவரோட அப்பா வைத்தியநாத ஸ்தபதி. அடுத்து மகன், கால் நூற்றாண்டுக்கும் மேல. பள்ளி கல்லூரியாச்சு, வித்தை பட்டப்படிப்பாச்சு.

எங்க பொட்டி தட்டுற தொழில்ல ஒரு பயம் உண்டு. விஷயம் ஒரே ஆள் தலைக்குள்ள இருந்தா, அவர் போனதும் எல்லாம் போச்சு. கல்தச்சுக்கும் அதே கதிதான்.

2000 ஜனவரி 1-ல் திறந்த சிலை 2004 சுனாமியையும் தாங்கி நின்னுச்சு. சரி, இது நிக்கும். அடுத்த சிலையைச் செதுக்கக் கை வேணுமே? அந்தக் கைகளையும் செதுக்கிட்டுப் போனவர் அவர்.