லிபர்ஆபிஸ் இம்ப்ரெஸ்

லிபர்ஆபிஸ் இம்ப்ரெஸ், கணினியில் விளக்கக்காட்சிகள் உருவாக்க உதவும் கட்டற்ற மென்பொருள். 2010இல் ஓப்பன்ஆபிஸ்.ஆர்க் திட்டத்திலிருந்து பிரிந்த லிபர்ஆபிஸ் தொகுப்பின் ஓர் உறுப்பு. தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் இதைப் பேணிவருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

கோப்புகள் ஓடிபி என்னும் திறந்த வடிவில் சேமிக்கப்படுகின்றன; பவர்பாயின்ட் கோப்புகளையும் திறக்கலாம். எஃப்5 விசையை அழுத்தினால் காட்சி தொடங்கும். புரொஜெக்டர் இணைந்திருந்தால் அவையோருக்கு நடப்பு ஸ்லைடு மட்டும் தெரியும். பேசுபவரின் மடிக்கணினியில் அடுத்த ஸ்லைடு, குறிப்புகள், கடிகாரம் ஆகியவையும் தெரியும். வேறு கணினியில் தமிழ் எழுத்துரு மாறிவிடாதிருக்க, எழுத்துருவைக் கோப்பிலேயே உட்பொதிக்கலாம். இடைமுகம் தமிழிலும் உண்டு.

உரிமக் கட்டணம் கிடையாது. எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், பிறருக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம்.