சங்கிலி கழன்ற பின்னும்: மனநோய், சாதி, சட்டம்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட இயலாமல் கருகி மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்தது. பின்னர் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 95-ஆம் பிரிவில் மனநோயாளரைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்தது.

ஆனால் இரும்புச் சங்கிலி மட்டுமே சங்கிலி அன்று. சேலம், நாமக்கல் சமவெளியின் காலனிகளில் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற தீவிர மனநோயுடன் வாழ்வோர் இரட்டை விலக்கத்தைச் சுமக்கின்றனர். நூற்பாலையிலோ கோழிப்பண்ணையிலோ கூலிக்குச் செல்லும் குடும்பத்திற்கு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு ஒருமுறை சென்று வருவதே ஒருநாள் கூலியின் இழப்பு. மருந்து இடையில் நிற்கிறது, நோய் முற்றுகிறது, ஊர் 'பைத்தியம்' என முத்திரை குத்துகிறது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, கோளாற்றின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதவர்கள்.

சாட்சியத்தை மறுத்தல்

வழக்குரைஞர்களாக நாங்கள் மீண்டும் மீண்டும் எதிர்கொள்வது இன்னொரு விலக்கம். மனநோயுள்ள தலித் ஒருவர் தாக்கப்பட்டால், "அவருக்குப் புத்தி சரியில்லை" என்ற ஒற்றைச் சொல்லால் புகார் திருப்பி அனுப்பப்படுகிறது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. பாரதிய சாட்சிய அதிநியம், 2023, பிரிவு 124-இன்படி, கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவார்ந்த விடையளிக்க நோய் தடையாக இருந்தாலொழிய, மனநலம் குன்றியவரும் தகுதியான சாட்சியே. பட்டான் ஜமால் வலி வழக்கில் (2021), பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணின் சாட்சியத்தை, மாற்றுத்திறனாளி என்பதாலேயே குறைத்து மதிப்பிடலாகாது என்றது உச்ச நீதிமன்றம். சாதி, பாலினம், இயலாமை ஆகியவை ஒன்றையொன்று பின்னி ஒடுக்குவதையும் அத்தீர்ப்பு விரிவாக ஆராய்ந்தது.

களத்தில் பயன்படும் பிரிவுகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம்:
- பிரிவு 3: சமூக நிலையையோ, சமூகத்தின் மதிப்பீடுகளுக்கு இணங்காமையையோ கொண்டு ஒருவருக்கு மனநோய் எனத் தீர்மானிக்கக் கூடாது. சாதி மறுத்து மணப்பவரைப் 'பைத்தியம்' என அடைத்துவைக்கும் குடும்பங்களுக்கு எதிராக இது முக்கியமானது.
- பிரிவு 18: சாதி உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமை.
- பிரிவு 27: இலவச சட்ட உதவி.
- பிரிவு 100: ஆதரவின்றித் திரியும் மனநோயாளரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் அடைக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 92: பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(r) விதிக்கும் சிறைத்தண்டனையும் இதே அளவுதான். ஆகவே, ஒரே நிகழ்வில் இரு இழிவுகளும் இருப்பின் இரு சட்டங்களையும் புகாரிலேயே குறிப்பிட வேண்டும். வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் விசாரணை தேவையில்லை என்பது பிரிவு 18அ.

புகார் எழுதும்போது நோயை மறைக்க வேண்டாம். மறைத்தால் எதிர்த்தரப்பு அதைக் குறுக்கு விசாரணையில் ஆயுதமாக்கும். மருத்துவப் பதிவேட்டின் நகலை இணைத்து, நிகழ்வின்போது அவர் என்ன கண்டார், கேட்டார் என்பதை அவர் சொற்களிலேயே பதிய வேண்டும். நோய் உண்மை, நேர்ந்த கொடுமையும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது.