சிரிக்கும் சொற்களின் வரலாறு

ஆங்கிலம் என்றதும் நம்மவர் உள்ளத்தில் அச்சம் கலந்த மதிப்பு எழுவது இயல்பு. சட்டமும் ஆணையும் கோப்பும் அம்மொழியிலேயே நம்முன் வந்து நின்றமையால், அதன் சொற்களெல்லாம் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தே பிறந்தவை என்று எண்ணிவிட்டோம். உண்மை அஃதன்று. அன்றாட ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் பிறப்பை நாடிச் சென்றால், அங்கே சிரிப்பொலி கேட்கும்.

முதற்கண் ‘ஓ.கே.’ என்பதைக் காண்போம். உலகில் இச்சொல் நுழையாத ஊர் அரிது. இதன் பிறப்பிடம் பற்றிப் பலரும் பலவாறு கூறினர். செவ்விந்தியர் மொழிச் சொல் என்றனர் சிலர். கிரேக்கம் என்றனர் வேறு சிலர். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய செய்தித்தாள்களைத் துருவி ஆராய்ந்து, 1963, 1964ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் இப்புதிரை விடுவித்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகையாளரிடையே அந்நாளில் ஒரு விளையாட்டு வழங்கிவந்தது. தொடர்களை வேண்டுமென்றே பிழையாக எழுத்துக்கூட்டி, அப்பிழையின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டு மகிழ்வர். ‘முற்றும் சரி’ எனப் பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்னும் தொடரின் முதலெழுத்துகள் முறைப்படி ‘ஏ’யும் ‘சி’யும் ஆகும். அவர்களோ ‘ஓ’வும் ‘கே’யும் இட்டனர். 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் அது அச்சேறியது. ‘சரி’ என்று சொல்லவந்த சொல்லே பிழையாகப் பிறந்தது என்பதை எண்ணுந்தோறும் நகை தோன்றுகிறதன்றோ?

அதே விளையாட்டில் பிறந்த பிற குறுக்கங்கள் விரைவில் மறைந்தன. இஃதொன்று மட்டும் நிலைத்ததற்கு 1840ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலும் ஒரு காரணம். மீண்டும் போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரன், கிண்டர்ஹுக் என்னும் ஊரினர். ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்பது அவரது செல்லப் பெயர். அதன் முதலெழுத்துகளும் அவையே ஆதலால், ஆதரவாளர் அவற்றையே முழக்கமாக்கினர். தேர்தலில் அவர் தோற்றார்; சொல் வென்றது.

அலுவலக வாழ்வினராகிய நமக்கு இதனினும் நெருக்கமான சொல் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், டெக்சாஸைச் சேர்ந்த மோரி மேவரிக் என்பவர் அமெரிக்க அரசு நிறுவனமொன்றின் தலைவராய் இருந்தார். தம்மிடம் வரும் குறிப்புகள் நீண்டு, சுற்றி வளைத்து, பொருள் விளங்காமல் கிடப்பதைக் கண்டு சலித்து, அத்தகைய நடையை 1944இல் ஒரு சுற்றறிக்கையின் வாயிலாகத் தடைசெய்தார். அந்நடைக்கு அவர் இட்ட பெயர் ‘காபிள்டிகுக்’. தம் ஊர் வான்கோழி மிடுக்காக நடைபோட்டுக்கொண்டு எழுப்பும் ஓசையே அச்சொல்லின் மூலம் என்று பின்னர் விளக்கினார். ‘மேற்படி பொருள் குறித்து, பார்வையிற் காணும் கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது’ என்று எழுதிப் பழகிய நம் கைகளுக்கு அந்த வான்கோழி அயலதன்று.

இவருடைய பாட்டனார் சாமுவேல் மேவரிக்கும் ஆங்கிலத்திற்கு ஒரு சொல் தந்தவர். ஏனையோர் தத்தம் கன்றுகளுக்குச் சூடிட்டு அடையாளம் வைக்க, அவர் வாளாவிருந்தார். சூடில்லாக் கன்றை மக்கள் ‘மேவரிக்’ என்றனர். நாளடைவில் எக்கூட்டத்திலும் சேராது தனித்து நிற்கும் மனிதரையும் அச்சொல் குறிக்கலாயிற்று.

இவையெல்லாம் புலவர் அவையில் பிறந்த சொற்கள் அல்ல. எனினும் இவற்றின் கதை நமக்குக் கிட்டியது எங்ஙனம்? எளிய சொல்லையும் எழுதி வைத்தோர் இருந்தமையால் அன்றோ! ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியராக 1879இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் முர்ரே, தாம் படிக்கும் நூல்களில் சொற்கள் ஆளப்பட்ட இடங்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்புமாறு பொதுமக்களை வேண்டினார். சீட்டுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. 1884இல் முதற் பகுதி வெளிவந்தது. 1928இல், முர்ரே மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, பணி நிறைவெய்தியது.

அவ்வழியில் நம் சொற்களும் இடம்பெற்றன. ஹென்றி யூலும், தஞ்சையில் நீதிபதியாய் இருந்த ஆர்தர் பர்னலும், இந்தியாவில் ஆங்கிலேயர் நாவில் வழங்கிய சொற்களைத் திரட்டிய அகராதி 1886இல் வெளிவந்தது. அதனைக் காணாமலே பர்னல் 1882இல் மறைந்தார். முகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்னும் ஒலி வெள்ளைச் சிப்பாய்களின் நாவில் திரிந்த உருவமே அந்நூலின் பெயர்: ‘ஹாப்சன்-ஜாப்சன்’. நம் மீனவரின் கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனதையும், சுருட்டு ‘செரூட்’ ஆனதையும், மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனதையும் அதில் காணலாம். செம்படவர் குப்பத்துச் சொல்லை ஏற்க ஆங்கிலம் நாணவில்லை; அதனால் அது குறையவுமில்லை.

நம் இல்லங்களிலோ நிலைமை வேறு. வேற்று மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் பிறமொழியும் பேசித் திரும்புகின்றனர். பாட்டி ‘எக்கச்சக்கம்’ என்றாலோ, ‘ஏடாகூடம்’, ‘தத்துப்பித்து’, ‘அக்கப்போர்’ என்றாலோ, பட்டிக்காட்டுப் பேச்சென்று நகைக்கின்றனர். நாமும் உடன் நகைக்கிறோம். அச்சொற்கள் வான்கோழிச் சொல்லினும் எவ்வகையில் தாழ்ந்தன? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது என்பது உண்மையே. எனினும் நெல்லைப் பாட்டியும் தஞ்சைப் பாட்டியும் கொங்குநாட்டுப் பாட்டியும் வழங்கும் சொற்கள் அனைத்தையும் எந்த அகராதியால் வாரிக்கொள்ள இயலும்?

ஊரில் ஒரு வீட்டார் மறந்த சொல்லை அடுத்த வீட்டார் காப்பர். இங்கோ அடுத்த வீட்டார் தமிழர் அல்லர். பாட்டியோடு அச்சொல்லும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். பாட்டி சொல்ல, பேரன் எழுதட்டும். அச்சொல் எவ்வூரது, எப்போது வழங்குவது என்பதையும் கேட்டு எழுதட்டும். முர்ரே வேண்டியது வெறும் சீட்டுகளே. அவற்றை நம்மாலும் எழுத இயலும்.