உன்னிச்சைப் பற்றையும் சுழல்கத்தியும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குதல் பழைய மரபு. ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று. படுகின்ற கரை மற்றொன்று. படுவான்கரையின் உட்புறத்தே, ஆயித்தியமலைக்கு அப்பால், உன்னிச்சைக் குளம் இருக்கின்றது. மட்டக்களப்பு நகரத்தார் பருகும் குழாய்நீர் இக்குளத்திலிருந்தே சுத்திகரித்துக் கொண்டுசெல்லப்படுகின்றது. நகரத்து நேயர்கள் பலர் அக்குளத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் நாள்தோறும் அதனைப் பருகி வருகிறார்கள்.

குளத்தின் வரலாறு என்றால் அதனைக் கட்டியவர் யார், எந்த அரசன் காலத்தது என்றே கேட்பது நம் வழக்கம். குளக்கட்டிற் பற்றை வெட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்பது என் எண்ணம். மண்ணாலான அணையில் ஒரு மரம் வேரூன்றி வளர்ந்து, பின்னர் பட்டுப்போனால், உள்ளே வேர் உளுத்து அவ்விடத்தே ஒரு துளை எஞ்சும். மாரியிற் குளம் நிறையும்போது நீர் அத்துளையைக் கண்டுபிடித்துவிடும். அதன்பின் அணை உடைய அதிக நேரம் வேண்டியதில்லை. ஆகவே பற்றை வெட்டுவது அழகுக்காகச் செய்யும் வேலையன்று. கீழே வயல் செய்வோரின் உயிரைக் காக்கும் வேலை.

முற்காலத்தில் இவ்வேலை பங்கு முறையால் நடந்தது. குளத்தின்கீழ் எவருக்கு எவ்வளவு வயல் உண்டோ, அவ்வளவுக்கேற்ப அணையில் ஒரு பகுதியைத் துப்புரவாக்குவது அவருடைய கடமை. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைப் பிரித்தானிய அரசு 1832ஆம் ஆண்டில் ஒழித்தது. அது மனிதாபிமானமான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனோடு ஊர்க்கட்டுப்பாடும் தளர்ந்தது. சிறு குளங்கள் பலவற்றைக் காடு மூடியது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் நிறைவேறிய 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாசனம் பற்றிய பழைய ஊர்வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலு அளித்தது. கிழக்கில் இறக்காமக் குளத்தைத் திருத்தும் பணியும் அவர் காலத்ததே.

அக்காலத்துக் கருவிகள் எவை? ஒரு கையிற் கத்தி, மறு கையிற் கவைத்தடி. முட்பற்றையைத் தடியால் விலக்கிப் பிடித்து அடியிலே வெட்டுவார்கள். சேனை செய்வோர் வெட்டியதைக் காயவிட்டு, மழைக்குமுன் தீயிடுவார்கள். ஆள்பலம் உள்ள வரையில் இந்த முறை போதியதாகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவிற் பொறிகள் வந்தன. 1949ஆம் ஆண்டிற் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது, அன்று மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அம்பாறைப் பகுதியிலே பெருங்காடுகளைப் புல்டோசர்கள் வீழ்த்தின. அமெரிக்க நிறுவனமான மொரிசன் நுட்சன் அணையைக் கட்டிற்று. காட்டை வீழ்த்தப் பொறி உண்டு என்பதை நம் உழவர் நேரிற் கண்டனர். ஆனால் வீழ்த்திய நிலத்திலே ஆண்டுதோறும் மீண்டும் முளைக்கும் பற்றைக்கு அப்பெரும்பொறி பயன்படாது. அது மண்ணையும் சேர்த்தே வாரிக்கொண்டு போய்விடும்.

அதற்கு விடை சிறிய உழவு இயந்திரத்திலிருந்து வந்தது. அயர்லாந்தில் பிறந்த ஹரி பெர்கூசன், கருவியை இயந்திரத்தின் பின்புறத்தில் மூன்று முனைகளிற் பொருத்தி நீரியல் விசையால் உயர்த்தும் முறைக்கு 1926இற் காப்புரிமை பெற்றார். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் அவருடைய சாம்பல்நிறச் சிறு இயந்திரம் ஐந்து இலட்சத்துக்கும் மேலாக உற்பத்தியாயிற்று. இயந்திரத்தின் பின்னே சுழலும் தண்டுக்கு நிமிடத்துக்கு 540 சுற்று என்ற பொது அளவு 1920களிலேயே வகுக்கப்பட்டிருந்தது. 1951இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில், அத்தண்டினால் இயங்கும் சுழல் பற்றைவெட்டியை ஒரு நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பன்றி தின்பதுபோல் இது பற்றையைத் தின்கிறதே என்று ஒரு கிழவர் வியந்தாராம். அதனால் ‘புஷ் ஹொக்’ என்ற பெயர் வந்ததாகச் சொல்வர். இன்று அந்நாட்டில் எந்த நிறுவனத்தின் வெட்டிக்கும் அதுவே பெயர். நம் நாட்டில் இருசில்லு உழவு இயந்திரம் எதுவாயினும் ‘லாண்ட்மாஸ்டர்’ என்று வழங்கியது போலத்தான்.

அந்த லாண்ட்மாஸ்டரை உருவாக்குவதில் முன்னின்ற இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்த்தன, பிற்காலத்தில் உழவு இயந்திரத்தின் பயனையே கேள்விக்குட்படுத்தினார் என்பது வியப்புக்குரியது. களையை அடக்குவதற்காகவே நாம் மண்ணைப் புரட்டுகிறோம். வெட்டிய தழையை நிலத்தின்மேற் பரப்பினால் மண்ணும் ஈரமும் காக்கப்படும் என்பது அவர் கொள்கை. தழையை எரிக்காமல் நறுக்கிப் பரப்பும் சுழல்வெட்டி, அக்கொள்கைக்கு உடன்பட்ட கருவி என்று நான் கருதுகிறேன்.

இனி உன்னிச்சைக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் முற்பகுதியிற் போர் படுவான்கரையைச் சூழ்ந்தபோது மக்கள் வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தவர்களை வரவேற்றது பற்றை. கினியாப்புல் ஆளுயரம் நின்றது. உண்ணிச்செடி வேலியையும் வரம்பையும் மூடியிருந்தது. அப்பற்றைக்குள் எது கிடக்கும் என்ற அச்சமும் இருந்தது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதென 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது; நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் மாவட்டம் இதுவே. எனினும் முட்கம்பி கிடக்கிறது. சுழலும் தண்டிற் கம்பி சுற்றினால் எண்ணெய்த் தடுப்பை அறுத்துவிடும்; பல்லுப்பெட்டி வறண்டு எரிந்துபோகும். ஆகையால் வெட்டியை வாங்குமுன் நிலத்தைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தல் வேண்டும்.

வாங்குவோர் பெரும்பாலும் அகலத்திலேயே மயங்குகிறார்கள். ஆறடி வெட்டி விரைவில் வேலையை முடிக்கும் என்பது கணக்கு. ஆனால் ஓரடி அகலத்துக்குப் பின்தண்டில் ஏறக்குறைய ஐந்து குதிரைவலு தேவை. இருபத்தைந்து குதிரைவலு இயந்திரம் தண்டிற்குத் தருவது இருபதளவுதான். அதற்கு நான்கடியே பொருத்தம். அதற்குமேற் பாரத்தைப் பின்னே தொங்கவிட்டால் முன்சில்லு நிலத்தை விட்டு எழும். திருப்புவதற்குப் பிடிமானம் இராது.

கத்தியைக் கூர் பார்த்து வாங்குவோரும் உளர். இக்கத்திகள் தடித்தவை, ஆணியிலே தளர்வாகத் தொங்குபவை. கட்டையில் மோதினால் மடங்கிப் பின்வாங்கவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். வெட்டுவது கூர்மை அன்று, வேகம். அவ்வேகத்தில் ஒரு கூழாங்கல் நூறு மீற்றர் தூரம் பறக்கக்கூடும். முன்னும் பின்னும் சங்கிலித் திரை இல்லாத வெட்டியை வயலோரத்திற் சிறுவர் நிற்கும் ஊருக்குக் கொண்டுவருதல் தகாது. மோதலின் அதிர்ச்சியைத் தாங்க, மலிவான வெட்டிகளில் முறியும் ஆணி ஒன்று இருக்கும். சற்று விலை கூடியவற்றில் வழுக்கும் கிளச்சு இருக்கும். கட்டை நிறைந்த புது நிலத்தில் முறியும் ஆணியை மாற்றிக்கொண்டே பொழுது போகும். கிளச்சுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

பழைய சாம்பல்நிற இயந்திரத்தையோ, ஒற்றைக் கிளச்சு உள்ள வேறொன்றையோ வைத்திருப்பவர் அறியவேண்டியது இன்னொன்று. கிளச்சை மிதித்தாலும் சுழலும் கத்தியின் பாரம் தண்டின் வழியே இயந்திரத்தை முன்னே தள்ளும். வாய்க்கால் ஓரத்திலே நிறுத்த நினைத்தவர் வாய்க்காலுக்குள் இறங்குவார். ஒருபுறமாக மட்டும் சுழலவிடும் இணைப்பு ஒன்றைத் தண்டிற் பூட்டினால் இவ்வாபத்து நீங்கும். அதன் விலை வெட்டியின் விலையோடு ஒப்பிடச் சிறிது. விற்பவரோ கேட்டாலன்றிச் சொல்வதில்லை.

இத்தனை பார்த்து வாங்கிய வெட்டியும் குளக்கட்டின் மேற்றளத்தில் மட்டுமே செல்லும். சரிவில் இறக்கினால் இயந்திரம் புரண்டுவிடும். வேர் ஓடுவதோ அச்சரிவிலேதான். அங்கே பெரும்போக மழைக்கு முன்னர், கத்தியும் கவைத்தடியும் கொண்டு ஆட்கள் இறங்கவேண்டியிருக்கிறது.