முதல் எழுத்துதான் அழியும்

திருப்பத்தூர் பேருந்து நிலையத்துப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பத்திரம் டைப் அடிப்பது என்று ஓடுகிற தொழில். ஆனால் நெற்குப்பை, கீழச்சிவல்பட்டி வரையிலிருந்து என்னைத் தேடி வருகிறவர்கள் பலருக்கு வேண்டியது வேறு. அழிந்துபோன ஃபைலை எடுத்துத் தர வேண்டும். இந்தக் கைவேலை இனி அதிக நாள் நிற்காது என்பதால் அதன் கதையை எழுதி வைக்கிறேன்.

பழைய டாஸ் கணினியில் ஒரு ஃபைலை அழித்தால், உள்ளே இருந்த விஷயம் எங்கும் போகாது. வட்டின் பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி விழும், அந்த இடம் காலி என்று கணக்காகும். இன்னொரு ஃபைல் வந்து அதன்மேல் எழுதும்வரை பழையது பத்திரம். அமெரிக்காவில் பீட்டர் நார்ட்டன் இதை வைத்துத்தான் 1982இல் அன்இரேஸ் நிரலைக் கொண்டுவந்தார். 1991இல் எம்எஸ்-டாஸ் 5இலேயே அன்டெலீட் கட்டளை வந்துவிட்டது. காணாமல் போன முதல் எழுத்து என்ன என்று அது நம்மிடமே கேட்கும். சொன்னால் ஃபைல் திரும்பி வரும்.

பிறகு பென் டிரைவ் காலம். ஷார்ட்கட் வைரஸ் இந்த ஊரில் நுழையாத கடை இல்லை. ஃபோல்டர் எல்லாம் மறைந்து வெறும் ஷார்ட்கட் தெரியும். பதறிப்போய் ஃபார்மேட் அடித்தவர்கள் ஏராளம். அது தேவையே இல்லை. ஃபைல் அழியவில்லை, ஒளிக்கப்பட்டிருந்தது. அட்ரிப் என்ற ஒற்றைக் கட்டளையில் மொத்தமும் வெளியே வந்துவிடும்.

நிஜமாகவே அழிந்ததை எடுக்க எனக்குக் கைகொடுத்தவை இரண்டு: 2007இல் வந்த ரெக்குவா, கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய ஃபோட்டோரெக். இரண்டையும் கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஃபைல் தொலைந்த வட்டிலேயே மென்பொருளை நிறுவினால், அது போய் உட்காரும் இடம் நாம் தேடுகிற படம் இருந்த இடமாக இருக்கலாம். எடுத்ததைச் சேமிப்பதும் வேறு வட்டில்தான்.

ஓர் ஆச்சி மெமரி கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். "தம்பி, பேத்தி கல்யாணப் படம் அம்புட்டும் இதுலதான் இருந்துச்சு, கேமராவுல அழிஞ்சுபோச்சாம்" என்றார். அதன் பிறகு அந்தக் கார்டில் யாரும் எதுவும் எடுக்கவில்லை, அது பெரிய அதிர்ஷ்டம். ஃபோட்டோரெக் பட்டியலைப் பார்ப்பதில்லை. வட்டை முழுவதும் படித்து, ஜேபெக் படம் தொடங்கும்போது இருக்கும் அடையாள பைட்டுகளைத் தேடும். படங்கள் வந்தன. பெயர்கள் வரவில்லை, எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணும்தான். வரவேற்பு முதல் மாலை மாற்றியது வரை ஆச்சியே பக்கத்தில் உட்கார்ந்து வரிசைப்படுத்தினார். வீடியோக்கள் பாதி உடைந்துதான் வந்தன. துண்டு துண்டாக எழுதப்பட்டதை இந்த முறையில் ஒட்டுவது கடினம்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபைல் கிடைத்துவிடும், அதை அடித்த பழைய எழுத்துரு கிடைக்காது. திரையில் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாடு டாம், டாப் குறியீடுகளைப் பரிந்துரைத்தும், 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்கும்வரை ஆளுக்கொரு எழுத்துருதான். அதனால் பழைய எழுத்துருக்களை நான் இன்றும் அழிப்பதில்லை.

இப்போது லேப்டாப்பில் எஸ்எஸ்டி. அழித்ததும் டிரிம் கட்டளை போகிறது, சற்று நேரத்தில் அந்த இடத்தில் படிக்க ஒன்றும் இருக்காது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய போன்கள் எல்லாம் ஃபைல்களைப் பூட்டித்தான் வைக்கின்றன. சாவி அழிந்தால் நார்ட்டனே வந்தாலும் முடியாது. அப்படி வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லி அனுப்புகிறேன். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராதபோதும் ஆயிரக்கணக்கில் வாங்குவது அநியாயம்.

கார்டில் படம் அழிந்தால் உடனே கேமராவிலிருந்து அதை வெளியே எடுத்துவிடுங்கள், ஒரு படம்கூட மேற்கொண்டு எடுக்காதீர்கள். கல்யாணப் படங்களுக்கு இரண்டாவது பிரதி ஒன்றை வேறு வட்டில், வேறு வீட்டில் வையுங்கள்.