ஓலை மடிப்பில் ஓர் உடல்

சுவாமிமலையில் ஒரு பட்டறை. மெழுகும் குங்கிலியமும் காயும் வாடை. வார்க்கவேண்டிய அம்மனின் உயரத்துக்குத் தென்னை ஓலையில் ஒரு கீற்று நறுக்கி வைத்திருந்தார் ஸ்தபதி. ஸ்கேல் பக்கத்திலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. ஓலையை மடித்தார், நகத்தால் அழுத்தினார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இது முகம், இது கழுத்து, இது மார்பு வரைக்கும்" என்று மடிப்பு மடிப்பாகக் காட்டினார்.

"முகம் எத்தனை அங்குலம் ஐயா?" என்று கேட்டேன்.

"எந்த அங்குலம் கேக்கறீங்க? கடையில விக்கிற அங்குலமா, இந்த அம்மனோட அங்குலமா?"

சிற்ப நூல்கள் இந்த இரண்டாவது அங்குலத்துக்கு தேகலப்த அங்குலம் என்று பெயர் வைத்திருக்கின்றன. உடம்பிலிருந்தே கிடைக்கும் அங்குலம். திருமாலும் சிவனும் உத்தம தசதாலம்; அவர்கள் திருமேனியின் உயரத்தை 124 கூறாக்கினால் ஒரு கூறு ஓர் அங்குலம். தேவியர் மத்திம தசதாலம், 120 கூறு. ஆக, 2 அடி அம்மனுக்கு அங்குலம் என்பது நம் கடை அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 20 அடி அம்மனுக்கோ 2 அங்குலம். அம்மன் வளர்ந்தால் அங்குலமும் கூடவே வளரும்.

தாலம் என்றால் உள்ளங்கை. மணிக்கட்டின் ரேகையை மோவாயில் வைத்துக் கையை முகத்தின்மேல் விரித்துப் பாருங்கள்; நடுவிரல் நுனி ஏறத்தாழ முடி தொடங்கும் இடத்தில் போய் நிற்கும். கையும் முகமும் ஒரே நீளம், 12 அங்குலம். பத்து முகம் சேர்ந்தால் தசதாலம். நான்கு கூடினால் உத்தமம், நான்கு குறைந்தால் அதமம்.

உத்தம தசதாலத்தின் உள்கணக்கு இன்னும் அழகு. கழுத்தடியிலிருந்து மார்பு, மார்பிலிருந்து கொப்பூழ், கொப்பூழிலிருந்து உடல் இரண்டாகப் பிரியும் இடம்: மூன்றும் 13½ அங்குலம். அதை இரட்டித்தால் தொடை, 27. முழங்காலுக்குக் கீழேயும் அதே 27. முழங்கால் 4, பாதத்தின் உயரம் 4. ஓலையை மடித்தே இவ்வளவும் எடுத்துவிட முடிகிறது என்றால் காரணம் இந்த இரட்டிப்புதான்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் இதையே சொல்லியிருக்கிறார்: முகம் உடலில் பத்தில் ஒரு பங்கு, மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனிவரை உள்ள கையும் அதே அளவு. யார் யாரிடம் கற்றார் என்று வழக்குப் போட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கை இருந்தது, முகம் இருந்தது. நடைபாதையில் காலுறை விற்பவரும் இந்த மரபுதான். அளவு கேட்டால் நம் மூடிய முட்டியைச் சுற்றிக் காலுறையைப் பிடிப்பார். சுற்றளவு ஏறத்தாழப் பாதத்தின் நீளத்துக்கு வரும்.

பிள்ளையாருக்கோ கணக்கு வேறு. அவர் பஞ்சதாலம், ஐந்து முகம் உயரம்தான். பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் கால்வாசி. வளர்ந்தவருக்கு ஏழரையில் ஒன்று. தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் இருந்தால் நம் கண் அதைக் குழந்தை என்று எடுத்துக்கொள்கிறது. தொந்தியும் தந்தமும் இருந்தும் பிள்ளையார் பிள்ளையாகவே தெரிவதில் கொழுக்கட்டையைவிட இந்த ஐந்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கட்சி.

கோயில் கணக்கு எழுதுகிறவருக்கு உடம்பிலிருந்து கிடைக்கும் இந்த அங்குலம் உதவாது. அவருக்கு ஊரறிந்த அளவு வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளின் உயரத்தைக் கோயிலில் இருந்த முழத்தால் அளந்து, விரல் கணக்கில், பாதம் முதல் கேசம் வரை என்று பதிகின்றன. சிலை காணாமற்போனால் அடையாளம் சொல்ல அந்த விரல் போதும். சிலையைச் செய்யப் போதாது.

கன்னியாகுமரியில் வை. கணபதி ஸ்தபதி எழுப்பிய வள்ளுவர் சிலை 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பீடம் 38 அடி, சிலை 95 அடி. அந்த 95-இல் கொண்டை 5, முகம் 10, உடல் 40, தொடையும் காலும் 40. கொண்டையை விட்டுவிட்டுக் கூட்டினேன்: 90. முகத்தால் வகுத்தால் ஒன்பது. தெய்வத்துக்குப் பத்து, மனிதப் புலவருக்கு ஒன்பது என்று எனக்குத் தோன்றியது. கையிலுள்ள சுவடியின் நீளமும் 10 அடி, முகம் அளவு.

கிளம்பும்போது கேட்டேன், சிலை முடிந்ததும் அந்த ஓலையை எடுத்து வைப்பீர்களா என்று.

"காஞ்சா சுருங்கிடும் ஐயா, கணக்கு தப்பிடும்" என்றார். "அடுத்த சாமிக்கு வேற ஓலை."